மலைக்காற்று அடைத்த பேனா

சாமி, நீ போனில் கேட்டது ஒரே ஒரு வரிதான். "அம்மா, உன்னோட மைப்பேனா ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. அயர்லாந்துக்கு எடுத்துட்டுப் போறேன். ஃப்ளைட்ல மை ஒழுகாம, இறங்கினதும் நல்லா எழுதறதுக்கு என்ன பண்ணணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "யாருகிட்டக் கேக்கறே பாரு சாமி. உங்கம்மா நொம்ப நல்லாச் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் காயப்போட்ட மிளகைக் கொத்த வந்த கோழி பறந்தது. உன் பக்கத்தில் நிவேதா சிரித்ததும் எனக்குக் கேட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. உனக்கு மட்டும்தான் நடந்தது முழுக்கத் தெரியாது. உன் நிச்சயதார்த்தத்தன்று காலையில் நீ மாலை வாங்கப் போய் மும்பைப் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாய். முகூர்த்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "இதை யாரு இப்படிக் கிறுக்கினது?" என்று அன்று நீ கேட்டதற்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நிவேதாவைக் கேட்டதற்கு, "உங்கம்மா வாயால கேட்டுக்கோ" என்றாளாம். உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

வம்பை ஆரம்பித்துவைத்தவனே நீதான். நிவேதாவின் வீட்டில் அவள் அப்பா சொல்வது எதுவும் நடக்காது, அவருடைய அக்கா சொல்வதுதான் நடக்கும் என்பது உனக்கும் தெரியும். ராசிபுரத்தை விட்டு மும்பைக்குப் போய்த் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஊரை விட்டாலும் பேச்சை விடாதவர். அந்தப் பெரிய அத்தைக்கு உன்னைப் பிடித்திருந்தது, நம்மைப் பிடிக்கவில்லை. "மலையில குளுருல கெடக்கற சனத்துக்கு நம்ம மொறை என்ன தெரியும்" என்பது அவர் கவலை. அவரைக் குளிர வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீ, "எங்கம்மாவுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ஸ்கூல் லைப்ரரில எல்லாப் புத்தகத்துக்கும் அவங்கதான் மைப்பேனாவுல பேரு எழுதுவாங்க" என்று அளந்துவிட்டாய். மறுநாளே எனக்குப் போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தி, உங்க கையெழுத்து முத்தாமே. அப்ப பத்திரிகைய நீங்களே எழுதிருங்க. எங்க ஊட்டு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. அச்சடிச்ச காயிதம் ஆகாது. பால்பாயின்ட் ஆகாது. மைப்பேனாவுல, மொதல் எழுத்துல ஆரம்பிச்சா கடைசி எழுத்து வரைக்கும் பேனா நிக்காம எழுதோணும். எங்க சின்னவளுக்கு எழுதறப்போ மாப்பிள்ள பேருக்கிட்ட வந்து பேனா நின்னு போச்சுங்க. உதறி உதறிப் பாத்தாங்க. அந்தச் சம்பந்தம் அதோட நின்னு போச்சு."

"பேனா நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எந்திரிச்சிருவனுங்க" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அவர் எழுந்துகொண்டால் அவர் தம்பியும் எழுந்துகொள்வார். நிவேதா அழுவாள். நீ அப்பா அம்மாவோடு பேசாமல் எங்கேயாவது போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்வாய், அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு இரண்டு வீட்டிலும் பண்டிகை கிடையாது. இத்தனையும் ஒரு நிப்பின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிப்போ முதலில் விமானத்தில் ஏறி இறங்க வேண்டும். விமானத்தில் ஏறிய பேனா ஒழுகும், இறங்கியதும் எழுதாது என்று பள்ளிக்கூடத்தில் வெளியூர் போய்வரும் ஆசிரியர்கள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். நமக்கு அது புதிதா என்ன? சேலத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் அங்கே மை ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினால் பாதி மலை ஏறுவதற்குள் பேனா மூடிக்குள் மை கக்கிவிடும். எங்கள் செட்டுப் பெண்கள் எல்லோருடைய பையிலும் ஒரு நீலக் கறை இருக்கும். ஏற்காட்டுப் பெண் என்பதற்கு அதுதான் அடையாளம். நம்மூர் ஒண்டிக்கடை முக்கில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பாய், கீழேயிருந்து வந்தவையெல்லாம் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கீழ்நாட்டுக் காற்றுக்கு உயரம் ஒத்துக்கொள்வதில்லை.

இதிலிருந்து நானும் உங்கப்பாவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த முடிவுக்கு மலையில் பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் வந்திருக்க முடியாது. சேலத்திலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறார்கள். நாம் எடுப்பதில்லை. ஏன்? நமக்கு உயரம் பழக்கம். அப்படியானால் பேனாவில் மையை இங்கேயே, மலை மேலேயே ஊற்றி மூடிவிட்டால், உள்ளே இருப்பது மலைக்காற்று. மலைக்காற்றுக்கு விமானம் என்ன பெரிய உயரம்? "நம்ம பேனா, நம்ம மலைக்காத்து. அது பாட்டுக்கு ஜம்முனு உக்காந்துட்டு வரும்" என்றார் உங்கப்பா. பட்டப்படிப்பு படித்த நானும் தலையை ஆட்டினேன்.

அதோடு விட்டோமா? பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு நாம் சொல்கிற வைத்தியத்தையெல்லாம் பேனாவுக்கும் செய்தோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது என்பதால் என் நீலப் பேனாவிலும் கறுப்புப் பேனாவிலும் பாதி வயிற்றுக்குத்தான் மை ஊற்றினேன். ஏறியதும் படுத்துவிட்டால் வாந்தி வராது என்பதால் கைப்பையில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். பேனாவுக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்காதே. அது உங்கப்பா வைத்தது. ஆனால் அவருடைய சொந்தப் பேனாவுக்கு இந்தப் பத்தியம் எதையும் அவர் பார்க்கவில்லை. மிளகு மூட்டைக்கு அட்டை எழுதுவாரே, சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பழைய பேனா, அதில் பைக்குக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி கழுத்து வழிய மை ஊற்றி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "இது கண்டிப்பா ஒழுகும். வெள்ளச் சட்ட போட்டுட்டு வராதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

சும்மா நம்பிப் போகவில்லை, பரிசோதனையும் செய்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கப்பா என் இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டு பைக்கில் மலையிறங்கி, சேலத்தில் உன் மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்து கூப்பிட்டார். "ஒரு சொட்டு இல்ல புள்ள! மூடிய தெறந்தா தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது. எழுதிப் பாத்தேன், வழுக்கிட்டுப் போவுது." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்படியே அங்கயே வெச்சிட்டு வாங்க, மறுபடி மேல தூக்கிட்டு வந்து கெடுத்துராதீங்க. நாளைக்குப் போற வழியில எடுத்துக்கலாம்" என்றேன். இப்போது நினைத்தால், வாந்தி வருமா என்று பார்ப்பதற்கு ஒருவரை மலையிலிருந்து கீழே இறக்கிப் பார்த்த ஒரே குடும்பம் நாமாகத்தான் இருக்கும். மை பாட்டிலையும் எடுக்கவில்லை. அதுதான் பேனாவில் இருக்கிறதே, பாட்டில் எதற்கு என்றேன்.

கோயம்புத்தூரில் விமானம் ஏறினோம். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போதே எனக்குக் கை பரபரத்தது. பேனாக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். உங்கப்பா, "தூங்கறத எழுப்பாத" என்றார். கேட்கவில்லை. கைப்பையில் விரலை விட்டு நீலப் பேனாவை எடுத்து மூடியைத் திருகினேன். மூடிக்குள் ஏற்கெனவே ஒரு குளம் கட்டி நின்றிருந்தது. அது என் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டு வழியாக வளையல்களுக்குள் புகுந்தது. பதறிப்போய்ப் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தேன். மிச்சம் இருந்ததும் வந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். பணிப்பெண் ஓடிவந்து காகிதத் துண்டுகளாகக் கொடுத்தாள். கறுப்புப் பேனாவைத் திறக்கவே தேவையிருக்கவில்லை, அது கைப்பைக்குள்ளேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டிருந்தது. உங்கப்பா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலுமிச்சம்பழம் நாவப்பழம் ஆயிருச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது. கழுத்து வழிய மை குடித்துவிட்டு அந்த மூட்டைப் பேனா நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லி முடியாது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கதை முடிந்துவிட்டால் நீ கடிதத்தை மூடிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சேலத்துக்குப் போகும்போது, வீட்டில் பாதி குடித்து மூடிய தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்திருந்தேன். அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தால் யாரோ கையால் நசுக்கியது போல ஒட்டிப்போயிருந்தது. அப்போதுதான் உறைத்தது. மலையில் மூடிய காற்று கீழே வந்தால் சுருங்குகிறது. பாட்டிலுக்குத் துளை இல்லை, அதனால் அது ஒடுங்கியது. பேனாவுக்கு நிப்பு வழியாகத் துளை இருக்கிறதே, அது உங்கப்பாவின் பைக்கில் இறங்க இறங்கச் சேலத்துக் காற்றை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. மாமா வீட்டில் ஓர் இரவு தங்கியபோது அது மலைப்பேனாவாக இல்லை, அசல் கீழ்நாட்டுப் பேனா. அதைத்தான் விமானத்தில் ஏற்றினோம். மேலே போகப் போக உள்ளேயிருந்த காற்று விரிந்து, தன் முன்னால் நின்ற மையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பாதி வயிறு காலியாக வைத்தது நாம் செய்த பெரிய உபகாரம். காற்றுக்கு அவ்வளவு இடம் கொடுத்தோம். படுக்கவும் வைத்துவிட்டதால் காற்றுக்கும் வாசலுக்கும் நடுவில் மை வசமாக மாட்டிக்கொண்டது.

அன்று மாலையே சேலத்தில் மை வாங்கி, பையில் இருந்த அதே பேனாக்களுக்கு ஊற்றி பஸ்ஸில் மேலே வந்தேன், இந்த முறை சரியான திசையில். கண்டக்டர் நம்மூர்ப் பையன். டம்ளரில் பேனாக்களை நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், இவங்களுக்கும் டிக்கெட் போடோணுங்களா?" என்றான். ஒவ்வொரு வளைவிலும் நான் மூடியைத் திறந்து பார்ப்பதைக் கண்டு, "வாந்தி வந்தா ஜன்னல் பக்கமாப் புடிச்சுக்கங்க. கீழ பைக்காரன் எவனாச்சும் வந்தா மட்டும் பாத்துக்கங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். கல்யாணத்தின்போது பேனாக்களை உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் அப்படிப் போய்வந்து கண்டுபிடித்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன், வேறு எவன் சொல்வதையும் கேட்காதே.

பேனாவை ஒன்று முழுக்க நிரப்பு, இல்லாவிட்டால் முழுக்கக் காலி செய்து கழுவிக் காயவைத்து எடுத்துப் போ. பாதியில் மட்டும் வைக்காதே. நிரப்புவதாக இருந்தால் கிளம்புகிற ஊரிலேயே, கிளம்புவதற்குச் சற்று முன்னால் நிரப்பு; நீ மும்பையில் கடல் மட்டத்திலிருந்து ஏறப்போகிறாய், இங்கே வந்து மலைக்காற்று பிடித்துக்கொண்டு போகிறேன் என்று கிளம்பாதே. நிரப்பியதும் நிப்பு மேலே பார்க்கிற மாதிரி சட்டைப் பையில் நிறுத்திவை. விரிகிற காற்று மையைத் தொடாமல் நிப்பு வழியே தானாகப் போய்விடும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மூடியில் கை வைக்காதே. நடுவானில் ஓட்டம் சமமான பிறகு எழுத ஆசை வந்தால், நிப்பை மேலே தூக்கிப் பிடித்து, ஒரு காகிதத் துண்டைச் சுற்றி, மெதுவாகத் திற. மூடிக்குள் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு எழுது, துடைக்காமல் மூடினால் அந்த ஈரம் காய்ந்து பிசினாகி, இறங்கிய ஊரில் பேனா உன்னோடு பேசாது. அப்படிப் பேசாமல் போனால் உதறாதே. நிப்பின் நுனியைப் பச்சைத் தண்ணீரில் ஒரு நொடி தொட்டு எடு, துணியில் ஒற்று, பழைய காகிதத்தில் நாலு சுழி போடு. வந்துவிடும். மை பாட்டிலை மறக்காதே. சின்ன பாட்டிலாக, மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு எடுத்துப் போ. பாட்டிலை மறந்தவர்கள் கதி என்ன ஆகும் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

மும்பையில் இறங்கியதும் நேரே நிவேதாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாய். வழியெல்லாம் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். கும்பிட்ட என் கைகளைப் பெரிய அத்தை பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தார். வலது கை முழங்கை வரை நீலம். "என்ன சம்பந்தி இது, மருதாணிங்களா? மருதாணி செவக்கத்தானே செய்யும்?" உங்கப்பா சட்டென்று, "எங்க மலையில அது நீலமாத்தான் புடிக்குமுங்க" என்றார். அந்தம்மா நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ அப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு எடுத்த லாட்ஜுக்குக் கார் பேசிக்கொண்டிருந்தாய்.

லாட்ஜுக்குப் போனதும் நான் பேனாக்களைக் கழுவ உட்கார்ந்தேன், உங்கப்பாவை மை வாங்க அனுப்பினேன். இந்தி தெரியாத மனுஷன், கையால் எழுதிக் காட்டி, உதறிக் காட்டி, கடை கடையாக ஏறியிருக்கிறார். ஒருவன் கம்ப்யூட்டர் பிரின்டருக்கு ஊற்றுவதைக் கொடுத்தானாம். கடைசியில் பெருமையோடு ரப்பர் ஸ்டாம்புக்கு ஊற்றுகிற மையை வாங்கிக்கொண்டு வந்தார். அதை ஊற்றினால் பேனா ஜன்மத்துக்கும் எழுதாது. உன்னிடம் சொல்லலாம் என்றால், நீ நிவேதாவிடம் சொல்வாய், நிவேதா அவள் அப்பாவிடம் சொல்வாள், அவர் அக்காவிடம் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கடைசியில் உங்கப்பா தன் மூட்டைப் பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதிலிருக்கிற மையை என் பேனாவுக்கு மாற்றலாம் என்றால், அவர் இறுக்கித் திருகிவைத்த கழுத்து அசையவே இல்லை. லாட்ஜில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். தடிமனாக இருந்தாலும் எழுதியது. சரி, இதுதான் விதி என்று படுத்தோம்.

மறுநாள் ஹாலில் ஜமக்காளம் விரித்து, மஞ்சள் பிள்ளையாருக்கு முன்னால் தட்டில் அந்தக் காகிதத்தை வைத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய, வழவழவென்று தடித்த காகிதம். பெரிய அத்தை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் அவர் தம்பியும், தம்பி மனைவியும். நிவேதா கதவோரம். நான் பேனாவைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டேன். பாதிச் சுழிதான் விழுந்தது. மீதிக்கு வெறும் கீறல். செய்தித்தாள் மையை உறிஞ்சி இழுத்துக்கொண்டது. வழவழக் காகிதம் இழுக்கவில்லை. உங்கப்பா எத்தனையோ வருஷமாக அந்தப் பேனாவைச் சாய்த்துச் சாய்த்து எழுதி நிப்பை ஒரு பக்கமாகத் தேய்த்து வைத்திருக்கிறார். என் கை நிமிர்த்திப் பிடிக்கிற கை. அந்தப் பிடிக்கு அது எழுதாது. இப்படியே எழுதினால் உன் பெயரைத் தாண்டுவதற்குள் நான்கு முறை நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க சம்பந்தி, நின்னுருச்சா?" என்றார் பெரிய அத்தை. அவர் கை தரையில் ஊன்றியது. எழுந்துகொள்ளப் போகிறவர் ஊன்றுகிற மாதிரி.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. "நிக்கலைங்க, இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. சுழிதான் நான் போட்டேன். எழுதறது எங்க ஊட்டுக்காரரு" என்று சொல்லிப் பேனாவை உங்கப்பா பக்கம் நீட்டினேன்.

"ஏ புள்ள, நானா?" மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு மூட்டைக்கு அட்டை எழுதத்தான் தெரியும்."

"அட்டைன்னே நெனச்சு எழுதுங்க. நிறுத்தாதீங்க" என்று காதோடு சொன்னேன்.

சாய்த்துப் பிடித்தார். கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் அந்தப் பேனா ஓடியதைப் பார்க்க வேண்டுமே! குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நான் வாயால் சொல்லச் சொல்ல, உன் பேர், நிவேதா பேர், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பேர், நாள், நட்சத்திரம், முகூர்த்தம், மண்டபம் என்று ஒரே மூச்சில் கர்ர் கர்ர் என்று போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை, திணறவில்லை. கடைசியில் புள்ளி வைத்த வேகத்தில் காகிதம் கிழியாதது ஆச்சரியம். பேனாவை மூடிவிட்டு, உங்கப்பா துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய அத்தை காகிதத்தைக் கையில் எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "தமிழுங்களா இது?" தம்பியிடம் கொடுத்தார். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். நிவேதா போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சபையில படிக்கோணுமில்லீங்க? இத எந்த வாத்தியாரு படிக்கறது?" என்றார் பெரிய அத்தை.

நான் வாங்கிப் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எழுதியது எப்படி நிற்காமல் போனதோ அப்படி. பெரிய அத்தைக்குச் சந்தேகம். "நீங்க சொல்லித்தானே எழுதினாரு, மனப்பாடமாச் சொல்றீங்க" என்று நடுவில் விரலை வைத்தார். "இங்க என்ன போட்டிருக்குது?"

"வளர்பிறைன்னுங்க."

"இது?"

"இது நீங்கதானுங்க. உங்க பேரு. 'முன்னிலையில்'னு போட்டிருக்குது."

"எம் பேரா?" குனிந்து பார்த்தார். "கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கறேன்." உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். விரல் இன்னொரு இடத்துக்குப் போனது, அதையும் படித்தேன். இன்னொரு இடம், அதையும். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு என்னையும் உங்கப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நீலம் பிடித்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா பேனா நிக்குதான்னே பாத்துட்டு இருந்தனுங்க. எழுதினதப் படிக்க ஊட்டுல ஒருத்தி இருக்கறாளான்னு பாத்திருக்கோணும்" என்றார். "செரி, தட்ட எடுங்க. எங்க மாப்பிள்ள? இன்னுமா மால வாங்கறான்?"

அப்போதுதான் நீ வேர்த்து வழிய மாலையோடு உள்ளே வந்தாய். பத்திரிகையை எடுத்துப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். எல்லோரும் சிரித்தோம், நீ கோபித்துக்கொண்டாய். இப்போது பதில் தெரிந்துவிட்டதல்லவா?

நீயும் நிவேதாவும் மூன்று வருஷம் பழகினீர்கள், ஆயிரக்கணக்கில் பேசியிருப்பீர்கள், எல்லாம் போனில் தட்டியது. அதில் உன் எழுத்தும் அவள் எழுத்தும் ஒரே அச்சு. அவள் பேனா பிடித்து எழுதி நீ பார்த்திருக்கிறாயா? கேட்டால் விழிப்பாய். அயர்லாந்தில் இறங்கி, சாமான்களை வைத்துவிட்டு, நிப்பைத் துடைத்து, முதல் காகிதத்தில் அவளையே எழுதச் சொல். கடையில் வாங்க வேண்டிய சாமான்களை எழுதினாலும் போதும். உனக்குப் புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாதே, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் கேள். கல்யாணமான புதிதில் நான் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, உங்கப்பா எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு சேலம் கடைவீதிக்குப் போய், அவர் எழுதாத சாமான்களாக வாங்கிக்கொண்டு வருவேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டியதை மறுநாள் தானே போய் வாங்கிக்கொண்டு வருவார்; நான் வாங்கிவந்த வேண்டாததையெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்ப்பார்.

உன் அம்மா